ஆளில்லாத வீட்டைப் பார்த்திருந்த இரண்டு பேர்

தம்பி,

இதை வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருக்கலாம். உனக்கும் அதுதான் வசதி. ஆனால் போனைக் கையில் எடுத்தால் எனக்கு வாய் கட்டிக்கொள்கிறது. நீ சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய், நான் ஓம் என்பேன். நான் குளிரைப் பற்றிக் கேட்பேன், நீ ஓம் என்பாய். ஞாயிற்றுக்கிழமை அதோடு முடிந்துவிடும். கடதாசி என்றால் குறுக்கே பேச ஆளில்லை, நான் என் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகலாம்.

எழுதத் தொடங்கியது வேறு விஷயம். எங்கள் சனசமூக நிலையத்துக்காரர் ஆண்டு மலர் போடுகிறார்கள். காங்கேசன்துறையிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்குத் தனியாகப் போய்வந்த ஆள் நீங்கள், அங்கே போன் வேலைசெய்ய என்ன செய்ய வேண்டுமென்று மற்றவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கோ என்று வந்து கேட்டார்கள். எனக்குப் பெருமைதான். ஆயுள் முழுக்க நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிய மனிதனிடம் டேட்டாவைப் பற்றிக் கேட்டால் பெருமை வராமல் என்ன செய்யும்? வெளிக்கிட முதல் ஊரிலேயே சிம்மைப் போட்டுச் சரிபாருங்கள், பிள்ளைகளின் நம்பரை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், போன் செத்தால் உங்கள் மூளையில் ஒரு நம்பரும் இருக்காது என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் நீ வந்துவிட்டாய். பிறகு எல்லாப் பக்கத்திலும் நீதான். ஆகவே முதலில் உனக்கு அனுப்புகிறேன். ஊர் வாசிக்கலாம் என்றால் சொல்லு, கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் அந்த முதற்பக்கத்தோடு அவர்கள் திருப்திப்படட்டும்.

நான் ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் உன் அம்மாவின் நேர்த்திக்கடனைப் பற்றி நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. வெளிநாட்டுக்கு ஆளனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு நீ புறப்பட்டுப் போன பிறகு மாதக்கணக்காக உன்னிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்த நாளில் எங்களிடம் போன் இல்லை. நான் சைக்கிளில் ரவுன் கடைத்தெருவுக்குப் போய், வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற கடை வாசலில் நின்று, யாருக்காவது யாரிடமிருந்தாவது செய்தி வந்ததா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வருவேன். வீட்டுப் படலையைத் திறக்கிற சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் கேட்கமாட்டா. பிள்ளை உயிரோடு ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் சிதம்பரத்துக்கு வந்து உன் பேரில் அர்ச்சனை செய்கிறேன் என்று அந்த நாட்களில்தான் நேர்ந்தா. நீ நோர்வேயில் சேர்ந்தாய். ஆனால் அவவுக்குப் போக வாய்க்கவில்லை. முதலில் நாட்டில் சண்டை, பிறகு பாஸ்போட், பிறகு முழங்கால். கடைசியாகப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "நீங்களாவது போட்டு வாங்கோ" என்று சொன்னா. அவ என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அவ செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து நீ திரும்பிப் போகிறபோது, ஒரு பெடியனைக் கொண்டு வீட்டில் இரண்டு கமரா பூட்டிவிட்டுப் போனாய். ஒன்று படலையைப் பார்த்தபடி, மற்றது கூடத்துச் சுவரில். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியந்தான். அரைவாசி நீர்வேலியை நோர்வேயும் கனடாவும் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் கோயில் பரிபாலன சபைக்காரர் திருவிழா விஷயமாக வந்து கூடத்தில் இருக்க, நான் வெறும் மேலோடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருக்க, சுவரிலிருந்து உன் குரல் வந்தது. "அப்பா, பிறசர் குளிசை போட்டனீங்களோ? மேசையிலை அப்பிடியே கிடக்குது." வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பு. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

அவர்கள் போனதும் உனக்குக் கோல் எடுத்து நான் பேசியதை நீ மறந்திருக்கமாட்டாய். "என்னை என்ன மறியல்வீட்டிலை பூட்டியோ வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன். நான் போனை வைத்துவிட்டுத் துவாயை எடுத்துக் கூடத்துக் கமராமேல் போட்டேன். இரண்டு கிழமை அது அப்படியே தொங்கியது. பிறகு குளிக்கத் துவாய் தேவைப்பட்டு எடுத்தேனே ஒழிய மனம் இரங்கி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சுவரிலிருந்து உன் குரல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன். அதிலும் ஓம், ஓம், ஓம். நான் வென்றுவிட்டேன் என்றுதான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வென்ற வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. மத்தியானத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தால் என் வாய் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்கும்.

சிதம்பரத்துக்குப் போகப்போகிறேன் என்றதும் நீ பழைய ஆளாக மாறினாய். கேள்விமேல் கேள்வி. இந்தியாவில் வெளிநாட்டுக்காரருக்குச் சிம் எடுப்பது கரைச்சல், அலைய வேண்டாம், நான் இங்கிருந்தே இ-சிம் வாங்கிவிடுகிறேன் என்றாய். சிம்முக்கு உடம்பே இல்லையாம், படமாக வருமாம். படமும் வந்தது, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம். அதைப் போனால் ஸ்கான் பண்ணுங்கோ என்று எழுதியிருந்தாய். படம் இருப்பதே அந்தப் போனில். தன் முதுகைத் தானே சொறிகிற கதை. கண்ணாடிக்கு முன்னால் நின்று முயற்சி செய்தேன் என்பதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. கடைசியில் பக்கத்து வளவுச் செல்வியிடம் போய், அவளின் போனுக்குப் படத்தை அனுப்பி, அதை அவள் பிடித்துக்கொள்ள என் போனால் பார்த்ததும் வேலைசெய்தது. நான் இல்லாத நாட்களில் அம்மாவின் படத்துக்கு விளக்கு வைக்கவும் அவளே ஒத்துக்கொண்டாள். மாமா கவனம், ரோமிங்கை நிப்பாட்டிவிடுங்கோ, காசை உறிஞ்சிப்போடும் என்று அவளும் சொன்னாள், நீயும் சொன்னாய். நான் இரண்டு பேர் சொல்லையும் கேட்டேன். அதுதான் பிழையாகப் போனது.

கப்பல் வெளிக்கிட்டுக் கரை மறையும்வரை எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போனைப் பார்த்தார்கள், பையில் வைத்தார்கள், கடலைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் அம்மா இருக்க வேண்டிய இடத்தில் என் பை இருந்தது. நாகப்பட்டினத்தில் இறங்கிச் சோதனை எல்லாம் முடித்து வெளியில் வந்து போனைத் திறந்தால் ஒன்றுமில்லை. இந்தச் சிம்மும் இல்லை, அந்தச் சிம்மும் இல்லை. ரோமிங்கை நிப்பாட்டச் சொன்னீர்கள் என்று நான் இரண்டு சிம்மிலும் நிப்பாட்டிவிட்டேன். ஊர்ச் சிம்மில் மட்டும் நிப்பாட்ட வேண்டும், நீ தந்த சிம்மில் விட வேண்டும் என்பது எனக்கு யார் சொன்னது? சிதம்பரம் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தேன். சுற்றிவர எல்லோரும் தமிழ்தான் பேசினார்கள். ஆனாலும் யாரிடமும் எதையும் கேட்க வாய் வரவில்லை. என் பேச்சைக் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஒரு கூச்சம். அந்தப் பஸ்ஸில் நான் செத்துப்போனால் யாருக்கு, எப்படி அறிவிப்பார்கள் என்று யோசித்தேன். பயம் என்று இல்லை, தம்பி. நான் இருக்கிறேன் என்று தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. அவ்வளவுதான்.

அப்போதுதான் உன்னை நினைத்தேன். ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஓர் அறையில் அடைத்து வைத்திருந்த பத்தொன்பது வயதுப் பெடியனை. நாங்கள் இங்கே செய்தி வரவில்லை என்று அழுதோம். செய்தி அனுப்ப முடியாமல் நீ அங்கே எப்படி இருந்தாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீ வந்து சேர்ந்தது போதும் என்று விட்டுவிட்டோம். இப்போது கேட்டால் நீ சொல்லுவாயோ தெரியாது. சிதம்பரத்தில் லொட்ஜில் இருந்த மனிதர் என் போனை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு சிம்முக்கும் சேர்த்து ஆஃப் பண்ணிட்டீங்க ஐயா" என்று சொல்லி ஒன்றைத் தட்டினார். உடனே போன் நடுங்கியது. எல்லாம் நீ. எங்கே நிற்கிறீர்கள், இறங்கிவிட்டீர்களா, அப்பா, அப்பா, அப்பா. வந்து சேர்ந்துவிட்டேன் என்று எழுதினேன். நீ ஒரு பெருவிரல் படத்தை அனுப்பினாய்.

அடுத்தநாள் காலை கோயிலுக்குப் போனேன். கூத்தப்பெருமான் சன்னிதியில் நிற்கிறபோது அம்மாவுக்காக அழுவேன் என்று நினைத்துத் துவாயை ஆயத்தமாக வைத்திருந்தேன், கண்ணீர் வரவில்லை. தீட்சிதர் பேர், நட்சத்திரம் கேட்டார். உன் பேரைச் சொன்னேன், உன் நட்சத்திரத்தைச் சொன்னேன். அடுத்து, பிள்ளையின் சம்சாரம் பேர் என்று கேட்டார். அங்கேதான் நான் நின்றுவிட்டேன். மருமகள் ஜேர்மனியில் தாயோடு நிற்கிறா என்று நீ சொல்லி இரண்டு வருடமாகிறது. அம்மாவின் செத்தவீட்டுக்கும் நீ தனியாகத்தான் வந்தாய், அவவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரியாமலில்லை, தம்பி. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயத்தில் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் அவவின் பேரையும் சொன்னேன். சொன்னது சரியோ பிழையோ, அந்தப் பிள்ளையும் எங்கேயோ நன்றாக இருக்கட்டும்.

மத்தியானம் லொட்ஜுக்கு வந்து படுத்தேன். அறையில் காற்றாடி மட்டும் சுற்றியது. செல்வி படலையைப் பூட்டினாளோ, குலை தள்ளிய கதலி வாழைகளுக்கு முட்டுக் கொடுத்தது நிற்கிறதோ என்று மனம் அலைந்தது. அப்போதுதான் கமராக்காரப் பெடியன் என் போனிலும் கமரா பார்க்கிற அப்பை ஏற்றிவிட்டது நினைவு வந்தது. நான் அதை ஒருநாளும் திறந்ததில்லை. இருக்கிற வீட்டை யார் போனில் பார்ப்பான்? திறந்தேன். கூடம் வந்தது. என் கதிரை. மேசையில் நான் கழுவாமல் விட்டுப்போன தேத்தண்ணிக் கோப்பை. அம்மாவின் படம், அதற்கு முன்னால் காலையில் செல்வி வைத்த பூ. நான் அந்தக் கதிரையைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நீ எப்படிப் பார்க்கிறாய் என்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது. மேலே இருந்து, பின்பக்கத்தால், உச்சி வழுக்கையும் தோளும் மட்டும் தெரிய. ஒரு கிழவன் சோற்றைப் பிசைகிறான், கோப்பையைக் கழுவாமல் வைக்கிறான், எழும்பிப் போகிறான். அவ்வளவுதான் உனக்குக் கிடைக்கிற தகப்பன்.

பிறகுதான் மூலையில் ஒரு கண் படமும் அதற்குப் பக்கத்தில் இரண்டு என்ற இலக்கமும் கண்ணில் பட்டன. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற இலக்கம் அது என்று பெடியன் அன்றைக்குச் சொன்னது ஞாபகம். ஒன்று நான். மற்றது யார்? கள்ளன் என்றுதான் முதலில் நினைத்தேன். யாரோ வாழைக்குலைக்கு நோட்டம் பார்க்கிறான் என்று எழும்பி இருந்துவிட்டேன். பிறகு, பாஸ்வேட் தெரிந்த ஆட்கள் நானும் நீயும் மட்டுமே என்பது உறைத்தது. உனக்கு அது காலைநேரம். நான் வீட்டில் இல்லை என்பது உனக்கு நன்றாகத் தெரியும், முதல் நாள்தான் பெருவிரல் அனுப்பியவன். அப்படியென்றால் நீ என்னைப் பார்க்கவில்லை. நீ அந்த வெறும் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் கூடத்தைப் பார்ப்பதை விடாமல், நீ எப்போது போவாய் என்று பார்த்திருந்தேன். இலக்கம் இறங்கவேயில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் உனக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்தேன். உன் முகம் வந்தது, பின்னால் வழக்கமான வெள்ளைச் சுவர்.

"ஏன் தம்பி ஆளில்லாத வீட்டைப் பாக்கிறாய்?" என்று கேட்டேன்.

"சும்மாதான் அப்பா" என்றாய். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "இஞ்சை ஒரு சத்தமும் இல்லையப்பா. சாப்பிடேக்கை அதைப் போட்டு வைச்சிருக்கிறனான். செல்வியக்கா ஆட்டைக் கூப்பிடுறது கேக்கும். காகம் கத்துறது கேக்கும்."

"நான் துவாய் போட்டு வைச்ச நாளிலையும் கேட்டனியோ?"

"ஓம் அப்பா. படந்தான் தெரியேல்லை. நீங்கள் இருமுறது கேட்டது."

அடுத்த கேள்வி என் தொண்டை வரை வந்துவிட்டது. "தம்பி, அங்கை உன்னோடை" என்று தொடங்கினேன். உன் முகம் அப்படியே உறைந்தது, பிறகு படமும் போய்விட்டது. கூடத்தைப் பார்த்துப் பார்த்தே நீ வாங்கித் தந்த டேட்டா முழுவதையும் தின்று முடித்திருக்கிறேன். வெறும் கதிரையைப் பார்த்து! போனை ஆட்டினேன், நிறுத்தித் திறந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த அறையில், அந்தக் காற்றாடிக்குக் கீழே, கோயிலில் வராத அழுகை வந்தது. உன்னை நினைத்து அழுதேனோ, என்னை நினைத்து அழுதேனோ, அம்மா இருந்திருந்தால் இதை எப்போதோ கேட்டு முடித்திருப்பா என்று நினைத்து அழுதேனோ தெரியாது.

பின்னேரம் லொட்ஜ்காரர் தன் போனிலிருந்து கொஞ்சம் இணைப்புத் தந்தார். டேட்டா முடிந்திருக்கும், திரும்பப் போட்டுவிட்டேன், இனிச் சரி அப்பா என்று நீ எழுதியிருந்தாய். நான் நல்லது என்று எழுதினேன். டேட்டா வந்துவிட்டது. விட்ட கேள்வி திரும்ப வரவில்லை. ஊருக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைகள் சில போய்விட்டன. நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. பழையபடி ஓம், ஓம்.

இன்று காலை கமராக்காரப் பெடியன் ஏணியோடு வந்து படலையில் நின்றான். அப்பாவுக்கு விருப்பமில்லை, இரண்டையும் கழற்றிவிடு என்று நீ சொன்னதாகச் சொன்னான். என்னிடம் நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று நான் கேட்ட கேள்வியால் வெட்கப்பட்டாயோ, இல்லாவிட்டால் மறியல் என்று நான் சொன்ன சொல் இவ்வளவு நாளாக உன்னைத் தின்றுகொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது. ஏணி சுவரில் சாய்ந்ததைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் மறித்தேன். அவனைப் பிடித்து இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் கொடுத்து, ஏணியோடு திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் இப்போது உனக்குக் கோல் எடுத்திருப்பான். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்றும் சொல்லியிருப்பான்.

கமரா இருக்கட்டும், தம்பி. நீ பார். நான் சாப்பிடுவதைப் பார், குளிசை போடாவிட்டால் சுவரிலிருந்து கத்து. யார் வந்து இருந்தாலும் கத்து, நான் ஓம், போடுகிறேன் என்று பதில் சொல்வேன். கோயில்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களின் பிள்ளைகள் கூப்பிடுவதில்லை என்ற எரிச்சல் அவர்களுக்கு.

ஆனால் ஒரு விஷயம். நீ என் வீடு முழுவதையும் பார்க்கிறாய். கோப்பை கழுவாததுகூட உனக்குத் தெரியும். இவ்வளவு வருடத்தில் நான் பார்த்தது உன் தலைக்குப் பின்னால் உள்ள அந்த வெள்ளைச் சுவரை மட்டும்தான். அந்தச் சுவருக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மருமகள் அங்கே இல்லை என்பதை நான் கேட்டதாகவும் நீ சொன்னதாகவும் வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு விளக்கமும் வேண்டாம். உன்னில் ஒரு பிழையும் பிடிக்கமாட்டேன், பிடிக்கிற வயது எனக்குப் போய்விட்டது.

நாளைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கிற நேரம் உனக்குக் காலைச் சாப்பாட்டு நேரம். கோல் எடு. எடுத்துப் போனை மேசையில் எதிலாவது சாய்த்து வைத்து, ஒருமுறை அறையைச் சுற்றிக் காட்டிவிட்டு, நீ உன் பாட்டுக்குச் சாப்பிடு. ஒன்றும் கதைக்க வேண்டாம். கழுவாத கோப்பை கிடந்தால் கிடக்கட்டும். அங்கே ஒரு சத்தமும் இல்லை என்றாயே, அதை நீ தனிய இருந்து கேட்க வேண்டாம். நானும் கேட்கிறேன்.

சோறு போட்டுக்கொண்டு காத்திருக்கும்,
அப்பா